வெள்ளைப் பந்துக் கட்டுப்பாடு

வெள்ளைப் பந்துக் கட்டுப்பாடு என்பது பூல், ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் முதலிய மேசைக் கோற்பந்து விளையாட்டுகளில், ஓர் அடி முடிந்தபின் வெள்ளைப் பந்து மேசையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அடிப்பதற்கு முன்பே தீர்மானித்து, அவ்விடத்தில் அதை நிற்கச் செய்யும் திறன் ஆகும். இவ்விளையாட்டுகளில் கியூ எனப்படும் கோலால் நேரடியாக அடிக்கத்தக்க பந்து வெள்ளைப் பந்து ஒன்றே. பிற பந்துகள் யாவும் அது மோதுவதாலேயே நகர்கின்றன. பில்லியர்ட்ஸில் ஓர் ஆட்டக்காரர் வெள்ளைப் பந்தையும் மற்றவர் மஞ்சள் பந்தையும் கோலால் அடிப்பர். இக்கட்டுரையில் கூறப்படுபவை அம்மஞ்சள் பந்துக்கும் பொருந்தும்.

ஒவ்வோர் அடியும் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது. ஒன்று, இலக்குப் பந்தைப் பாக்கெட் எனப்படும் குழியில் வீழ்த்துவது. மற்றொன்று, அடுத்த பந்தை அடிக்க ஏற்ற இடத்துக்கு வெள்ளைப் பந்தைக் கொண்டு செல்வது. புதிதாக விளையாடுவோர் பெரும்பாலும் முதல் வேலையில் மட்டுமே கருத்துச் செலுத்துவர். தேர்ந்த ஆட்டக்காரரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துவது இரண்டாவது வேலையே ஆகும்.

முக்கியத்துவம்

கோற்பந்து விளையாட்டுகளில் பந்தைக் குழியில் வீழ்த்தியவர் தொடர்ந்து ஆடலாம். தவறியவுடன் மேசை எதிராளியிடம் சென்றுவிடும். தவறிய ஒருவர் அடுத்த வாய்ப்புக்காக இருக்கையில் அமர்ந்து காத்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு அந்த ஆட்டத்தில் வராமலேயும் போகலாம். எனவே ஒரு பந்தை வீழ்த்தியபின் வெள்ளைப் பந்து பொருந்தாத இடத்தில் நின்றுவிட்டால், வீழ்த்திய பந்தினால் கிடைத்த பயன் உடனடியாகக் குறைந்துவிடுகிறது.

ஸ்னூக்கரில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 147 புள்ளிகள் கொண்ட முழு பிரேக் ஆகும். ஒருவர் ஒரே முறையில் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகளின் தொகுப்பே பிரேக் எனப்படும். முழு பிரேக் எடுக்க 15 சிவப்புப் பந்துகளையும், ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்புப் பந்தையும், இறுதியில் ஆறு வண்ணப் பந்துகளையும் வீழ்த்த வேண்டும். அதாவது தொடர்ந்து 36 முறை பந்து குழியில் விழ வேண்டும். இவற்றில் முதல் 35 அடிகளிலும் வெள்ளைப் பந்து அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்துக்குச் சென்றாக வேண்டும். இத்தகைய பிரேக்குகளைக் கூர்ந்து கவனித்தால், அவற்றில் மிகக் கடினமான அடிகள் சிலவே இருப்பதைக் காணலாம். வெள்ளைப் பந்து சரியான இடத்தில் நிற்பதால் அடுத்த அடி எளிதாகிவிடுகிறது.

வெள்ளைப் பந்தே குழியில் விழுந்துவிடுவது பூலிலும் ஸ்னூக்கரிலும் பிழையாகும். பூலின் பெரும்பாலான விதிமுறைகளின்படி, இப்பிழைக்குப் பின் எதிராளி வெள்ளைப் பந்தைத் தாம் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஸ்னூக்கரில் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளிகள் வழங்கப்படும். பில்லியர்ட்ஸில் மட்டும், பிற பந்தொன்றில் மோதியபின் அடித்த பந்து குழியில் விழுவது புள்ளி பெற்றுத்தரும் முறையான அடியாகும்.

பந்துகளும் மேசையும்

பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. ஆகும். அதன் எடை ஏறத்தாழ 156 முதல் 170 கிராம் வரை இருக்கும். ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் பந்துகளின் விட்டம் 52.5 மி.மீ. ஆகும். இக்காலப் பந்துகள் பீனாலிக் பிசினால் செய்யப்படுகின்றன. 9 அடி பூல் மேசையின் ஆடுபரப்பு 254 செ.மீ. நீளமும் 127 செ.மீ. அகலமும் உடையது. முழு அளவு ஸ்னூக்கர் மேசையின் ஆடுபரப்பு 356.9 செ.மீ. நீளமும் 177.8 செ.மீ. அகலமும் உடையது. மேசை பெரிதாகவும் பந்து சிறிதாகவும் இருப்பதால், வெள்ளைப் பந்தின் ஓட்டத்தில் நேரும் சிறு பிழையும் ஸ்னூக்கரில் பெரிதாகத் தெரியும்.

சில பழைய பூல் மேசைகளில் வெள்ளைப் பந்து மட்டும் பிற பந்துகளைவிட எடை கூடியதாகவோ அளவில் வேறுபட்டதாகவோ இருப்பதுண்டு. கீழே கூறப்படும் விதிகள் எல்லாப் பந்துகளும் ஒரே எடை கொண்டவை என்ற அடிப்படையில் அமைந்தவை. எடை கூடிய வெள்ளைப் பந்து மோதலுக்குப் பின் முன்னோக்கிச் செல்ல முற்படும். அதைப் பின்னோக்கி இழுப்பது கடினம்.

இயற்பியல் அடிப்படை

சறுக்கலும் உருளலும்

கோலால் அடிக்கப்பட்ட பந்து உடனே உருளத் தொடங்குவதில்லை. பந்தின் நடுவில் கிடைமட்டமாக அடித்தால் அது முதலில் சுழற்சியின்றித் துணியின் மீது சறுக்கிச் செல்லும். துணியின் உராய்வு அதன் வேகத்தைக் குறைத்து, அதற்கு முன்னோக்கிய சுழற்சியைத் தரும். வேகம் தொடக்க வேகத்தின் 5/7 பங்காகக் குறையும்போது சறுக்கல் நின்று பந்து இயல்பாக உருளத் தொடங்கும். மையத்துக்கு மேலே, பந்தின் ஆரத்தில் 2/5 பங்கு உயரத்தில் அடித்தால் பந்து தொடக்கத்திலிருந்தே உருளும். பூல் பந்தில் இவ்வுயரம் மையத்திலிருந்து சுமார் 11 மி.மீ. ஆகும்.

வெள்ளைப் பந்து இலக்குப் பந்தை மோதும் கணத்தில் சறுக்கிக்கொண்டிருக்கிறதா, உருண்டுகொண்டிருக்கிறதா, பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருக்கிறதா என்பதே அதன் பின்னைய ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. அடித்த கணத்தில் இருந்த சுழற்சியும் மோதும் கணத்தில் இருக்கும் சுழற்சியும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவில் துணியின் உராய்வு தொடர்ந்து செயற்படுகிறது.

மோதலுக்குப் பின் திசை

மோதலின்போது இலக்குப் பந்து, இரு பந்துகளின் மையங்களையும் இணைக்கும் கோட்டின் வழியே செல்கிறது. வெள்ளைப் பந்து செல்லும் திசை பின்வரும் இரு விதிகளால் விளக்கப்படுகிறது.

செங்கோண விதி: மோதும்போது வெள்ளைப் பந்து முன்சுழற்சியோ பின்சுழற்சியோ இன்றிச் சறுக்கிக்கொண்டிருந்தால், அது இலக்குப் பந்து செல்லும் திசைக்கு 90 பாகைக் கோணத்தில் பிரிந்து செல்லும். இந்தத் திசை தொடுகோடு எனப்படுகிறது. இத்தகைய அடியை ஆட்டக்காரர்கள் ஸ்டன் என்பர்.

முப்பது பாகை விதி: மோதும்போது வெள்ளைப் பந்து இயல்பாக உருண்டுகொண்டிருந்தால், அது தான் வந்த பாதையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகிச் செல்லும். இலக்குப் பந்தின் கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை மறையுமாறு மோதும் அடிகள் அனைத்துக்கும் இது பொருந்தும். கணக்கின்படி இவ்விலகல் சுமார் 27 பாகையிலிருந்து 34 பாகை வரை மட்டுமே மாறுகிறது. பாதிப் பங்கு மறையுமாறு மோதும்போது அது மிகுதியாக இருக்கும். சுட்டு விரலையும் நடு விரலையும் அளவாக விரித்து மேசைக்கு மேலே பிடித்து இக்கோணத்தை மதிப்பிடுவது வழக்கம்.

உருளும் வெள்ளைப் பந்தும் மோதிய உடனே முதலில் தொடுகோட்டின் வழியேதான் புறப்படுகிறது. பின்னர் அதன் முன்சுழற்சி அதை வளைத்து முன்னோக்கித் திருப்புகிறது. மெதுவாக அடித்தால் வளைவு மோதிய இடத்துக்கு அருகிலேயே முடிந்துவிடும். வேகமாக அடித்தால் பந்து தொடுகோட்டில் சிறிது தூரம் சென்றபின்பே வளையும். இடையில் உள்ள பந்தொன்றைத் தவிர்க்க வேண்டிய இடங்களில் இவ்வேறுபாடு பயன்படுகிறது.

வேகப் பகிர்வு

ஸ்டன் அடியில் வெள்ளைப் பந்து இழக்கும் வேகத்தை எளிதாகக் கணிக்கலாம். முழுப் பந்தாக நேருக்கு நேர் மோதினால் அது வேகம் முழுவதையும் இழந்து நின்றுவிடும். முக்கால் பந்தாக மோதினால் கால் பங்கு வேகமும், அரைப் பந்தாக மோதினால் பாதி வேகமும், கால் பந்தாக மோதினால் முக்கால் பங்கு வேகமும் அதனிடம் எஞ்சும். இதனால்தான் மெல்லிய விளிம்பில் உரசும் அடிகளில் வெள்ளைப் பந்து நெடுந்தொலைவு ஓடிவிடுகிறது.

உருளும் வெள்ளைப் பந்து நேருக்கு நேர் மோதினால் ஒரு கணம் நின்று, பின் தன் சுழற்சியால் மீண்டும் முன்னே செல்லும். இறுதியில் அதன் வேகம் மோதும் முன் இருந்ததில் 2/7 பங்காக இருக்கும். இலக்குப் பந்தின் வேகமோ உருளத் தொடங்கியபின் 5/7 பங்காக இருக்கும். உருளும் பந்து செல்லும் தொலைவு வேகத்தின் இருபடிக்கு ஏற்ப அமைவதால், தடையேதும் இல்லாதபோது இலக்குப் பந்து செல்லும் தொலைவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே வெள்ளைப் பந்து செல்லும்.

இக்கணக்குகள் மோதலில் ஆற்றல் இழப்பு இல்லை எனக் கொண்டு செய்யப்பட்டவை. உண்மையான மேசையில் சிறு வேறுபாடுகள் இருக்கும்.

அடி வகைகள்

வெள்ளைப் பந்தில் கோலின் முனை படும் இடத்தைக் கொண்டு அடிகள் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

நிறுத்த அடி: நேர்கோட்டில் உள்ள இலக்குப் பந்தை மோதியவுடன் வெள்ளைப் பந்து அங்கேயே நின்றுவிடும் அடி. பந்துகள் அருகருகே இருந்தால் வெள்ளைப் பந்தின் நடுவில் அடித்தால் போதும். தொலைவு கூடக் கூட, வழியில் முன்சுழற்சி சேர்ந்துவிடும் என்பதால் மையத்துக்குச் சற்றுக் கீழே அடிக்க வேண்டும். மெதுவாக அடிப்பவர் மேலும் கீழே அடிக்க வேண்டும்.

தொடர் அடி: மையத்துக்கு மேலே அடிப்பது. மோதலுக்குப் பின் வெள்ளைப் பந்து முன்னோக்கித் தொடரும். மூன்று வகைகளில் இதுவே பெரும்பாலும் எளிதில் கணிக்கத்தக்கது. உருளும் பந்தின் சுழற்சி வழியில் மாறாது என்பது இதற்குக் காரணம்.

இழுப்பு அடி: மையத்துக்குக் கீழே அடிப்பது. ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் இதை ஸ்க்ரூ என்பர். பின்சுழற்சியுடன் சென்ற வெள்ளைப் பந்து மோதலுக்குப் பின் பின்னோக்கித் திரும்பும். பின்சுழற்சி வழியெங்கும் உராய்வால் தேய்ந்துகொண்டே வருவதால், நீண்ட தொலைவில் இழுப்பு அடி மிகவும் கடினமானது. கோலைக் கிடைமட்டமாக வைத்து, முனை பந்தைக் கடந்து முன்னே செல்லுமாறு சீராக அடிப்பதே இதற்கு முறையாகும். அடித்தவுடன் கோலைப் பின்னால் இழுத்தால் பந்து பின்னால் வரும் என்பது பரவலாகக் காணப்படும் தவறான கருத்து. முனைக்கும் பந்துக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது. அதன்பின் கோல் செய்வது எதுவும் பந்தைப் பாதிக்காது.

பக்கச்சுழற்சி: மையத்துக்கு இடப்புறமோ வலப்புறமோ அடிப்பது. ஸ்னூக்கரில் இது சைடு எனப்படும். வெள்ளைப் பந்து இலக்குப் பந்திலிருந்து பிரிந்து செல்லும் திசையைப் பக்கச்சுழற்சி பெரிதாக மாற்றுவதில்லை. அதன் முழுப் பயன் வெள்ளைப் பந்து குஷனில் மோதும்போதே வெளிப்படுகிறது.

முனை மையத்திலிருந்து ஆரத்தில் ஏறத்தாழப் பாதித் தொலைவுக்கு மேல் விலகிப் பட்டால் வழுக்கிவிடும். பூல் பந்தில் இவ்வெல்லை சுமார் 14 மி.மீ. ஆகும். எனவே பந்தின் முகப்பில் பயன்படுத்தத்தக்க பகுதி, அதன் விட்டத்தில் பாதி விட்டமுடைய ஒரு சிறு வட்டம் மட்டுமே.

பக்கச்சுழற்சியின் பக்கவிளைவுகள்

பக்கச்சுழற்சி இலக்குப் பந்தைத் தவறவிடச் செய்யும் மூன்று விளைவுகளை உண்டாக்குகிறது. முதலாவதாக, வலப்புறம் அடிக்கப்பட்ட பந்து கோல் சுட்டிய திசையிலிருந்து சற்று இடப்புறம் விலகிப் புறப்படும். இரண்டாவதாக, கோலின் பின்பகுதி சிறிது உயர்ந்திருந்தால் பந்து செல்லும்போது மீண்டும் வலப்புறமாக வளையும். மூன்றாவதாக, மோதும் கணத்தில் இரு பந்துகளுக்கும் இடையே உள்ள உராய்வு இலக்குப் பந்தைச் சில பாகைகள் வரை திசை மாற்றும். இக்காரணங்களால், தேவையில்லாத இடத்தில் பக்கச்சுழற்சியைப் பயன்படுத்தாதிருப்பதே சிறந்தது எனப் பயிற்சியாளர்கள் அறிவுறுத்துவர்.

வேகக் கட்டுப்பாடு

திசையைக் கணிப்பதைவிட வேகத்தைக் கணிப்பது பலருக்கும் கடினமாக உள்ளது. வெள்ளைப் பந்து இருமடங்கு தொலைவு உருள வேண்டுமானால், வேகத்தை இருமடங்காக்க வேண்டியதில்லை. சுமார் 1.4 மடங்காக்கினாலே போதும். இதை அறியாத புதியவர்கள் தேவைக்கு மேல் வலுவாக அடித்துவிடுகின்றனர். மேலும், வேகமாகச் செல்லும் இலக்குப் பந்து குழியின் விளிம்பில் பட்டு வெளியே துள்ளும் வாய்ப்பு கூடுதல். மெதுவாகச் செல்லும் பந்தைக் குழி எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

மேசைத் துணியின் தன்மையும் வேகத்தைப் பாதிக்கிறது. ஸ்னூக்கர் மேசைகளில் விரிக்கப்படும் கம்பளித் துணியில் ஒரு பக்கமாகப் படிந்த மென்மயிர் உண்டு. மெதுவாக உருளும் பந்து இதனால் சற்று விலகக்கூடும். பூல் மேசைகளின் துணி பெரும்பாலும் மயிரற்று மென்மையாக இருப்பதால் பந்து அதில் வேகமாக ஓடும். கம்பளி ஈரப்பதத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே மழைக்காலத்திலும் கடலோர நகரங்களிலும் பந்து மெதுவாக ஓடும். பன்னாட்டு ஸ்னூக்கர் போட்டிகளில் மேசையின் கற்பலகை இதற்காகவே சூடேற்றப்படுகிறது. தமக்குப் பழக்கமில்லாத மேசையில் ஆடத் தொடங்கும் முன் சில பந்துகளை மெதுவாக உருட்டிப் பார்ப்பது ஆட்டக்காரர்களின் வழக்கம்.

குஷனில் மோதும் பந்து

மேசையின் உட்சுவர்களில் பொருத்தப்பட்டுள்ள இரப்பர் விளிம்பு குஷன் எனப்படுகிறது. பக்கச்சுழற்சியின்றி நடுத்தர வேகத்தில் மோதும் பந்து, ஏறத்தாழ வந்த கோணத்திலேயே திரும்பும். பந்து செல்லும் பக்கமாகவே பக்கச்சுழற்சி தரப்பட்டிருந்தால் திரும்பும் கோணம் விரிந்து, வேகமும் குறையாது. எதிர்ப்பக்கமாகத் தரப்பட்டிருந்தால் கோணம் குறுகி, வேகமும் தடைப்படும். மிக வேகமாக அடிக்கப்பட்ட பந்து குஷனை அழுத்தி, எதிர்பார்த்ததைவிடக் குறுகிய கோணத்தில் திரும்பும்.

கருவிகளும் வரலாறும்

இன்றைய வெள்ளைப் பந்துக் கட்டுப்பாடு கோலின் முனையில் ஏற்பட்ட இரு மாற்றங்களால் இயன்றது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா மிங்கோ கோலின் முனையில் தோல் பொருத்தும் முறையைப் பரப்பினார். அதுவரை வெறும் மரமாக இருந்த முனை, மையத்துக்கு வெளியே பட்டால் வழுக்கிவிடும். இரண்டாவது மாற்றம் முனையில் பூசப்படும் சாக் ஆகும். 1897 ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ஸ்பிங்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் ஆகியோர் இக்கால சாக்குக்குக் காப்புரிமை பெற்றனர். பெயரளவில் சாக் எனப்பட்டாலும், இது பள்ளிகளில் பயன்படும் சுண்ணக்கட்டி அன்று. சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும் போன்ற உரசும் தன்மையுள்ள பொருள்கள் கொண்டது.

பந்துகளின் இயக்கத்தைக் கணித முறையில் விரிவாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் காசுப்பார்டு-குசுத்தாவ் கொரியோலிசு ஆவார். புவியின் சுழற்சியால் காற்றோட்டம் விலகுவதை விளக்கும் கொரியோலிசு விளைவு இவர் பெயராலேயே வழங்குகிறது. பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதக் கோட்பாடு பற்றிய இவரது நூல் 1835 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வெள்ளைப் பந்துக் கட்டுப்பாட்டின் உச்சநிலை ஒன்று 1932 ஆம் ஆண்டில் காணப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வால்ட்டர் லிண்ட்ரம் அவ்வாண்டு சனவரியில் லண்டனில் ஜோ டேவிசுக்கு எதிரான பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் 4137 புள்ளிகள் கொண்ட பிரேக்கை எடுத்தார். மூன்று பந்துகளையும் குஷனை ஒட்டி நெருக்கமாக வைத்துக்கொண்டு, சிறு சிறு அடிகளால் அவற்றை மேசையின் ஓரமாகவே நகர்த்திச் செல்லும் முறையில் அவர் வல்லவர். இம்முறையில் ஒருவரே முடிவின்றி ஆடிக்கொண்டிருக்க இயன்றதால், குறிப்பிட்ட புள்ளிகளுக்குள் ஒருமுறையாவது வெள்ளைப் பந்து மேசையின் மறுமுனையில் உள்ள பால்க் கோட்டைக் கடக்க வேண்டும் என விதி மாற்றப்பட்டது.

உதகமண்டலமும் ஸ்னூக்கரும்

ஸ்னூக்கர் விளையாட்டின் தோற்றம் இந்தியாவுடனும் தமிழ்நாட்டுடனும் தொடர்புடையது. 1875 ஆம் ஆண்டில் ஜபல்பூரில் பணியாற்றிய நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் பிரித்தானிய இராணுவ அதிகாரி, அக்காலத்தில் வழங்கிய பூல் ஆட்டத்துடன் வேறு வண்ணப் பந்துகளைச் சேர்த்து இவ்விளையாட்டை உருவாக்கினார். இவர் பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான அதே பெயருடையவர் அல்லர். பின்னர் சென்னை இராணுவத்தின் தலைமைத் தளபதி பிரடெரிக் இராபர்ட்சின் கீழ்ப் பணியாற்றியபோது, கோடைக்காலங்களில் உதகமண்டலத்தில் தங்கினார். 1882 ஆம் ஆண்டில் இவ்விளையாட்டின் விதிகள் வகுக்கப்பட்டு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டி வைக்கப்பட்டன.

ஸ்னூக்கர் என்பது அக்காலத்தில் இராணுவக் கல்லூரியின் முதலாண்டு மாணவரைக் குறித்த கேலிச்சொல் ஆகும். இன்று அச்சொல் விளையாட்டை மட்டுமன்றி, அடிக்க வேண்டிய பந்தை நேராக அடிக்க இயலாதவாறு வெள்ளைப் பந்து வேறொரு பந்தின் பின்னால் மறைந்து நிற்கும் நிலையையும் குறிக்கிறது.

இடத்திட்டம்

வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது எனத் தீர்மானிப்பது இடத்திட்டம் எனப்படும். இதன் பொதுவான நெறிகள் பின்வருமாறு:

குறைந்தது மூன்று பந்துகளை முன்னோக்கிச் சிந்திக்க வேண்டும். முதற்பந்தை வீழ்த்தும்போது வெள்ளைப் பந்து இரண்டாவது பந்துக்கு அருகே வந்தால் மட்டும் போதாது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குச் செல்ல ஏற்ற பக்கத்தில் அது நிற்க வேண்டும்.

வெள்ளைப் பந்தும் இலக்குப் பந்தும் குழியும் ஒரே நேர்கோட்டில் அமைவது எப்போதும் நன்மை தருவதன்று. நேர்கோட்டில் வெள்ளைப் பந்து முன்னோ பின்னோ மட்டுமே செல்ல இயலும். சிறிது கோணம் இருந்தால் அதை மேசையின் பல பகுதிகளுக்கும் அனுப்பலாம்.

ஏற்ற பகுதிக்குக் குறுக்காக வெள்ளைப் பந்து செல்வதைவிட, அப்பகுதியின் நீளவாக்கில் செல்வது நல்லது. நீளவாக்கில் வரும்போது வேகத்தில் பிழை நேர்ந்தாலும் பந்து அப்பகுதிக்குள்ளேயே நிற்கும். குறுக்காகக் கடக்கும்போது சிறு பிழையும் பந்தை வெளியே கொண்டு சென்றுவிடும்.

ஒரே இடத்துக்கு இரு வழிகள் இருந்தால், வெள்ளைப் பந்து குறைந்த தொலைவு செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நெருங்கிக் கிடக்கும் பந்துகளைக் கலைக்க வேண்டுமானால், மேசையில் வேறு எளிய பந்து மீதமிருக்கும்போதே கலைத்துவிட வேண்டும்.

நைன்-பால் பூல் ஆட்டம் இந்நெறிகளுக்கு நல்ல சான்று. அதில் மேசையில் உள்ளவற்றுள் மிகக் குறைந்த எண்ணுடைய பந்தையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். அடுத்த பந்து எது என்பது முன்பே முடிவாகிவிடுவதால், ஆட்டக்காரர் மாற்றுப் பந்தைத் தேட இயலாது. எயிட்-பால் ஆட்டத்தில் தமக்குரிய ஏழு பந்துகளுள் எதையும் அடிக்கலாம் என்பதால், சரியான வரிசையைத் தேர்ந்தெடுப்பதே திறமையாகிறது.

தற்காப்பில் வெள்ளைப் பந்து

வீழ்த்தத்தக்க பந்து இல்லாதபோது, எதிராளிக்கும் அது கிடைக்காதவாறு வெள்ளைப் பந்தை விட்டுச் செல்வது தற்காப்பு ஆட்டம் ஆகும். வெள்ளைப் பந்தைக் குஷனை ஒட்டி நிறுத்துவது ஒரு முறை. அந்நிலையில் பந்தின் மேற்பகுதி மட்டுமே கோலுக்கு எட்டும். அதனால் எதிராளி இழுப்பு அடி அடிக்க இயலாது. வேறு பந்தின் பின்னால் மறைப்பது மற்றொரு முறை. இவ்விரண்டிலும் வேகமே முதன்மையானது. சில அங்குலங்கள் கூடுதலாக ஓடினால் தற்காப்பு எதிராளிக்கு நல்வாய்ப்பாக மாறிவிடும்.

இந்திய ஆட்டக்காரர்கள்

1958 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வில்சன் ஜோன்ஸ் வென்றார். 1964 ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் மீண்டும் இப்பட்டத்தைப் பெற்றார். மைக்கேல் பெரைரா மூன்று முறை இப்பட்டத்தை வென்றார். 1984 ஆம் ஆண்டில் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். கீத் சேத்தி 1992 ஆம் ஆண்டு உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் போட்டியில் 1276 புள்ளிகள் கொண்ட பிரேக் எடுத்தார். பில்லியர்ட்ஸில் ஓர் அடிக்குப் பொதுவாக இரண்டோ மூன்றோ புள்ளிகளே கிடைக்கும் என்பதைக் கருதினால், இதற்குத் தேவைப்பட்ட கட்டுப்பாட்டின் அளவு விளங்கும்.

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் உள்ள ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரு, இவ்விளையாட்டின் முக்கிய மையங்களுள் ஒன்றாகும். அங்கு வளர்ந்த பங்கஜ் அத்வானி, முன்னாள் வாகையாளர் அரவிந்த் சவூரிடம் பயிற்சி பெற்றார். 2003 ஆம் ஆண்டில் சீனாவில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தையும், 2005 ஆம் ஆண்டில் மால்ட்டாவில் புள்ளி முறை, நேர முறை ஆகிய இரு உலக பில்லியர்ட்ஸ் பட்டங்களையும் வென்றார். 2006, 2010 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பில்லியர்ட்ஸ் தனிநபர் பிரிவில் தங்கம் பெற்றார். 2024 ஆம் ஆண்டு முடிவில் அவர் வென்ற உலகப் பட்டங்களின் எண்ணிக்கை 28 ஆகும். இரு விளையாட்டுகளிலும் உயர்நிலையில் ஆடுவது அரிது. ஒரே மேசையில் ஆடப்பட்டாலும், பில்லியர்ட்ஸில் மூன்று பந்துகளின் ஓட்டத்தையும் ஒருசேரக் கட்டுப்படுத்த வேண்டும். ஸ்னூக்கரில் பந்தை வீழ்த்தும் துல்லியம் கூடுதலாகத் தேவைப்படும்.

2025 ஆம் ஆண்டு நவம்பரில் கத்தார் நாட்டின் தோகாவில் நடைபெற்ற உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில், சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என்ற கணக்கில் வென்று பட்டம் பெற்றார்.

பயிற்சி முறைகள்

வெள்ளைப் பந்துக் கட்டுப்பாட்டைக் கற்கப் பின்வரும் வரிசை பயனுள்ளது:

1. இலக்குப் பந்து இன்றி, வெள்ளைப் பந்தை மட்டும் மேசையின் நீளவாக்கில் அடித்து, எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி ஆட்டக்காரர் பக்கமுள்ள குஷனை ஒட்டி நிற்கச் செய்தல். இது வேகத்தைப் பயிற்றுவிக்கும்.

2. நேர்கோட்டில் நிறுத்த அடி. பந்துகளுக்கு இடையே உள்ள தொலைவை முதலில் ஓரடியாக வைத்து, படிப்படியாகக் கூட்டுதல். வெள்ளைப் பந்து முன்னே நகர்ந்தால் இன்னும் கீழேயும், பின்னே வந்தால் இன்னும் மேலேயும் அடிக்க வேண்டும்.

3. அதே அமைப்பில் தொடர் அடியும் இழுப்பு அடியும் அடித்து, வெள்ளைப் பந்தை ஒரு சாண், இரு சாண் என அளந்து நிறுத்துதல்.

4. மேசையில் ஒரு தாளை வைத்து, ஒரே கோணத்தில் உள்ள இலக்குப் பந்தை வீழ்த்தியபின் வெள்ளைப் பந்தைத் தாளின் மீது நிறுத்துதல். பின்னர் தாளை வேறிடத்துக்கு மாற்றுதல்.

5. மூன்று பந்துகளை மேசையில் விரவி வைத்து, அடிப்பதற்கு முன் வெள்ளைப் பந்து நிற்கும் இடங்களை வாய்விட்டுக் கூறி, அவ்வாறே ஆடி முடித்தல்.

இவற்றில் முதல் நான்கும் பக்கச்சுழற்சி இன்றியே செய்யப்பட வேண்டும். மையக் கோட்டில் மேலும் கீழும் அடித்து வேகத்தை மாற்றுவதன் மூலமே தேவையான இடங்களுள் பெரும்பாலானவற்றை அடையலாம். பந்து விழுந்ததா என்பதைவிட, வெள்ளைப் பந்து எண்ணிய இடத்திலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்பதைக் கவனித்து வருபவரிடம் முன்னேற்றம் விரைவில் தென்படும்.

இவற்றையும் பார்க்க

ஸ்னூக்கர்
பில்லியர்ட்ஸ்
எயிட்-பால்
நைன்-பால்
உராய்வு
கொரியோலிசு விளைவு